தேவஇரக்கத்தின் குளிர்

நடுத்தேரியில் வாடகைக்கு ஓடுகிற கார் ஒன்றே ஒன்று, லிங்கத்துரையுடையது. அது வெளியூர்க் காற்றை ஊத ஆரம்பித்த ஆடி மாதத்தில் அதைக் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நினைத்ததில் தப்பும் இல்லை, ஏனென்றால் காருக்கு வயது இருபத்தெட்டு, லிங்கத்துரை வாங்கும்போதே அதன் கண்ணாடிகளில் ஒன்று இறங்காது, ஒன்று ஏறாது, ஹார்ன் மட்டும் ஒழுங்காக இருந்தது, அதை அவர் ஆடு மாடு இல்லாத இடத்திலும் அடிப்பார். அவர் தனியாக ஓட்டும்போது ஏ.சி.யைப் போட்டால் வெறும் காற்று வரும், குளிராது, சுடாது. முன் சீட்டில் இன்னொரு ஆள் ஏறியதும் அது மாறிவிடும். ஒருவருக்கு அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அனல், ஒருவருக்குப் புழுக்கம், ஒருவருக்கு நனைந்த சாக்கு வாடை, ஆளுக்கு ஒரு தினுசு. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு இது பெரிய அவமானமாக இருந்தது.

காரைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏ.சி. வேலை பார்க்கும் எஸ்றாவிடம் விட்டார். எஸ்றா பேச்சு குறைந்த மனிதர், வேலைக்கு ஒரு வரிசை வைத்திருப்பவர், அந்த வரிசையை எவர் சொன்னாலும் மாற்றமாட்டார்: முதலில் கேஸ் இருக்கிறதா என்று பார்ப்பார், அடுத்து பெல்ட், அடுத்து கம்ப்ரசர் சேர்கிறதா விலகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார், பிறகு என்ஜின் சுடுதண்ணீர் உள்ளே போகிற ஹீட்டர் குழாயைக் கட்டிவிட்டுப் பார்ப்பார், அதற்கும் மசியவில்லை என்றால்தான் டாஷ்போர்டில் கை வைப்பார். இந்தக் காருக்கு டாஷ்போர்டு வரைக்கும் போக வேண்டியிருந்தது. உள்ளே எலி கட்டிய கூடும், வேப்பிலைச் சருகும், முந்தைய முதலாளி வீட்டுப் பிள்ளையின் ஒற்றைத் தோடும் கிடைத்தன, குளிரையும் சூட்டையும் பிரித்து அனுப்பும் தகடு ஒழுங்காகத்தான் திரும்பியது. எல்லாவற்றையும் துடைத்து மாட்டிவிட்டு அவரே முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு வெளியூரில் யாருமில்லை, அதனால் வெறும் காற்று வந்தது.

“கோளாறு இல்ல அண்ணாச்சி,” என்றார் எஸ்றா.

“கோளாறு இல்லாமலா முன் சீட்டுல உக்காந்த கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு நனைஞ்சது?” என்று லிங்கத்துரை கத்தினார்.

விஷயம் விளங்கியது டீக்கடை முத்துக்கிளியால். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவள் மடியில் பொலபொலவென்று மணல் கொட்டியது, லிங்கத்துரை வண்டியை ஓரம்கட்டினார், அவள் அந்த மணலை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். எங்கள் தேரி மண் செக்கச்செவேல் என்று இருக்கும், துவைத்தாலும் வேட்டியை விட்டுப் போகாது. இது வெளிறிய மஞ்சள், மாவு போல நைசு. அவள் சவுதியில், தம்மாமில் கிரேன் ஓட்டும் மகனுக்கு போன் போட்டாள்.

“ஏலே, அங்க மண்காத்து அடிக்கா?”

“ஆமாம்மா, ரோடே தெரியல. ஒனக்கு யாரு சொன்னா?”

“காருல வருது,” என்றாள் முத்துக்கிளி. “மூக்கைக் கட்டிக்கிட்டுப் போ.”

இப்படியாக, முன் சீட்டில் உட்காருகிறவர் மனதில் யார் இருக்கிறாரோ, அவர் அந்த நேரத்தில் இருக்கும் இடத்துக் காற்று வருகிறது என்பது ஊருக்குத் தெரிந்தது, தெரிந்த பிறகு ஏன், எப்படி என்று எவரும் கேட்கவில்லை, எப்போது முறை கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆண் வெளியே இருக்கிறான், ஒன்று அரபு நாடு, இல்லாவிட்டால் மும்பை, குளிர் தேசத்துக்குப் போனவன் கிடையாது. ஆக, ஆவணியிலும் புரட்டாசியிலும் கார் சவாரிக்குப் போகாத பகல்களில் வேதக்கோயில் வாசலில் நின்றது, பெண்கள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஆளுக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்தார்கள், மும்பைக் கடைகளில் நிற்கும் புருஷன்மாருக்கு மழை பிடித்ததை முகத்தில் வாங்கினார்கள், துபாய் மத்தியானத்தில் கம்பி கட்டுகிறவர்களின் வெயிலில் கன்னம் சிவந்தார்கள், மணல் வந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு போய் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள், இந்து கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் இருக்கவில்லை. டூட்டியில் இருக்கிறேன் என்று சொன்ன ஒருவனுக்குப் பிரியாணி வாடையும் அத்தரும் கலந்து வந்துவிட, அவன் பெண்டாட்டி போனில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள், அந்த வாரத்திலிருந்து வளைகுடா முழுவதிலும் எங்கள் ஊர் ஆட்கள் ஒழுக்கமாகிவிட்டார்கள். போதகர் ஒருமுறை காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இதில் வேதத்துக்கு விரோதமாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுக்க வந்த அதிகாரி, காற்றோட்டம் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெபக்கனி மட்டும் ஐப்பசி வரைக்கும் காரின் பக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சீருடை தைப்பவள், கல்யாணமாகி ஐந்தாம் மாதம் புருஷன் தேவஇரக்கத்தை மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டு நாலு வருஷமாகத் தையல் மிஷினோடு இருந்தவள். அவன் ஞாயிறுதோறும் போன் பேசுவான், அப்போதைக்கப்போது ஏதோ பணம் அனுப்புவான், லீவு கிடைக்கவில்லை என்பான், ஏ.சி. ரூமில் வேலை, கை மரத்துப் போகிறது என்பான். வந்து உட்கார் என்று பெண்கள் கூப்பிட்டபோதெல்லாம் அவள் தைக்கக் கிடக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். உண்மையில் அவளுக்குப் பயம், அவனுடைய காற்று வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று பயம்.

கடைசியில் முத்துக்கிளிதான் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். லிங்கத்துரை பொத்தானைத் தட்டினார். அந்தக் காரிலிருந்து அதுவரை வராத ஒன்று வந்தது: குளிர். சாதாரணக் குளிர் இல்லை, எலும்புக்குள் போகிற குளிர், இரண்டு நிமிஷத்தில் கண்ணாடி வெள்ளையாகப் பனித்தது, ஜெபக்கனியின் பற்கள் அடித்துக்கொண்டன, அவள் இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறான் என்று அழுதாள், இத்தனை குளிரில் இருக்கிறானே என்றும் அழுதாள். கூட்டத்துக்கு இரண்டாவது அழுகை விளங்கவில்லை.

“எவ்வளவு பெரிய ஆபீஸா இருந்தா இம்புட்டுக் குளிரு வைப்பான்!” என்றாள் முத்துக்கிளி. ஊருக்கே பெருமையாக இருந்தது.

பெருமை மார்கழி வரைதான் பெருமையாக இருந்தது, தை பிறந்து வெயில் ஏறியதும் உபயோகமாகிவிட்டது. ஜெபக்கனியை முன் சீட்டில் ஏற்றினால் கார் குளிரும், இது லிங்கத்துரைக்குத்தான் முதலில் உறைத்தது. பிறகு நடுத்தேரியில் ஒரு கல்யாணம் என்றால் பெண் அழைப்புக்கு ஜெபக்கனியிடம் தேதி கேட்டுவிட்டுத்தான் மண்டபத்தில் தேதி கேட்டார்கள், பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும் ஜெபக்கனி, கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகும்போதும் ஜெபக்கனி, மாலை வாடாமல் இருக்க ஜெபக்கனி, மணப்பெண்ணின் பவுடர் வழியாமல் இருக்க ஜெபக்கனி, அவளும் மறுக்காமல் வந்தாள், பழைய கம்பளியை வெட்டி ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, காதைத் துண்டால் சுற்றிக்கொண்டு, எல்லோரும் அப்பாடா என்று சாய்ந்திருக்கும் காரில் அவள் மட்டும் நடுங்கியபடி காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை குளிராது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் குளிராது. ஆபீஸ் நேரம் அப்படி என்று ஊர் சொன்னது. அரபு நாட்டில் வெள்ளிக்கிழமை அல்லவா லீவு என்று வளைகுடாவில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர் கேட்டார். வெள்ளைக்காரன் கம்பெனி போல என்று அவருக்கே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மாசியில் ஒருநாள் பெல்ட் மாற்ற வந்த காரில் எஸ்றா தலையை விட்டார், ஜெபக்கனி முன் சீட்டில் இருந்தாள், குளிரோடு சேர்ந்து மூக்கைக் குத்தும் ஒரு வாடை லேசாக வந்தது. கார் ஏ.சி.யில் நிரப்பும் கேஸுக்கு வாடை கிடையாது. எஸ்றா மூக்கைத் தேய்த்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினார்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி குளிர் நின்றுபோனது. அன்றைக்கு முகூர்த்தம் வேறு. மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மணப்பெண்ணின் கண்மை கழுத்துவரை இறங்கிவிட்டது, பெண் வீட்டார் லிங்கத்துரையையும் ஜெபக்கனியையும் ஒரே பார்வையில் முறைத்தார்கள். மறுநாளும் குளிரவில்லை, மறுவாரமும் குளிரவில்லை. பெயிண்ட் வாடையோடு உப்பான வெக்கைக் காற்று வந்தது. எஸ்றா தன் வரிசைப்படி கேஸிலிருந்து ஆரம்பித்தார், டாஷ்போர்டை மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினார், ஊர் அவரைச் சுற்றி நின்று விசிறிக்கொண்டே யோசனை சொன்னது. மீன் கிடைக்காமல் வீட்டுக்கு வீடு கருவாட்டுக் குழம்பு வைத்தோம், கார் குளிரவில்லை என்று ஏசினோம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

எஸ்றாவுக்கு அது சாப்பாட்டில் தோன்றியது. “இன்னைக்கும் கருவாடா?” என்று அவர் மனைவி சுகிர்தாவிடம் கேட்டார்.

“போட்டே கடலுக்குப் போகல. மீன் என்ன தேரியிலயா முளைக்கும்? மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும்.”

“எப்பத் தொடங்குச்சு?”

“எப்பவும் போலத்தான். ஏப்ரல் பதினஞ்சு. ரெண்டு மாசம்.”

எஸ்றாவின் கை சோற்றில் நின்றது. இருபது வயதில் அவர் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறார், அங்கே ஓடுவது அம்மோனியா, அதற்குத்தான் மூக்கைக் குத்தும் அந்த வாடை உண்டு. போட்டு, அதாவது விசைப்படகு, கடலுக்குப் போகவில்லை என்றால் ஐஸ் தேவையில்லை, ஃபேக்டரி நின்றுவிடும், ஆட்கள் கரையில் போட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். இந்தக் கரையோரத்து மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, அன்றைக்குக் கோயில். சோற்றைப் பிசைந்தபடியே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார், எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது.

அவர் அவசரப்படவில்லை. லிங்கத்துரையிடம், “ஜூன் பன்னெண்டாம் தேதி வாக்குல குளுரு தானா வரும் அண்ணாச்சி, நான் ஒண்ணும் செய்ய வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார். பதினைந்தாம் தேதி போட்டு இறங்க வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னாலேயே கட்டி ஐஸ் உறையவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஜெபக்கனியை உட்காரவைத்துப் பார்த்தார்கள், கண்ணாடி வெள்ளையாகப் பனித்தது. அவள் இறங்கிப் போன பிறகு லிங்கத்துரை எஸ்றாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, எப்படி என்று கேட்டார். எஸ்றா சொன்னார்.

லிங்கத்துரை வெகுநேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைத்துவிட்டு, “ஆனியில ரெண்டு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன் எஸ்றா,” என்றார். “ஆடி பிறந்ததும் சொல்லுவமே. நாலு வருசம் இருந்தவன் இன்னும் நாலு வாரம் இருக்கமாட்டானா?”

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது, ஜெபக்கனியைத் தவிர. ஒருவரும் அவளிடம் மூச்சு விடவில்லை. மாறாக, எல்லோரும் அவளிடம் முன்னைவிட அன்பாக இருந்தார்கள், தைக்கக் கொடுத்த துணியை அவசரப்படுத்தவில்லை, தடை முடிந்து வந்த முதல் சீலாமீனில் நல்ல துண்டை முத்துக்கிளி அவளுக்குக் கொடுத்தனுப்பினாள். நடுத்தேரியில் கெட்டவர்கள் கிடையாது. எல்லோருக்கும் வேர்த்தது, அவ்வளவுதான்.

எஸ்றா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். காரணம் தெரிந்த கோளாறை அப்படியே விட்டுவைத்துப் பழக்கமில்லாதவர் அவர். நாலாம் நாள் ஜெபக்கனியின் வீட்டு வாசலில் போய் நின்றார், அவள் நீல நிறப் பாவாடை ஒன்றுக்கு இடுப்புப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள், மிஷினை நிறுத்தாமலே உட்காரச் சொன்னாள்.

“தங்கச்சி, கார் ஏ.சி. கேஸுக்கு வாடை கிடையாது,” என்று ஆரம்பித்தார்.

மிஷின் நின்றது.

“வாடை எனக்கு மொத நாளே தெரியும் அண்ணே,” என்றாள். “எறா வாடையும் உண்டு. மஸ்கட்டுலயும் கடல் இருக்கும், எறா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.” பாவாடையை மடித்தாள், மறுபடியும் விரித்தாள். “எத்தனை மைல் இருக்கும்?”

“இந்தக் கரையில ஐஸ் ஃபேக்டரி நாலுதான். தூரத்துல இருக்கிறதே இருபது மைலுக்குள்ள.”

“இருபது மைலு,” என்றாள் ஜெபக்கனி. அவள் கம்பளிச் சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள், பிறகு அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

லிங்கத்துரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார், ஆனால் எடுத்தார். முதல் ஃபேக்டரியில் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள், இரண்டாவது பூட்டிக் கிடந்தது, மூன்றாவது மணல்துறையில் சுடுகாட்டுக்கு அப்பால் தகரக் கூரை போட்ட ஒன்று, அதில் இருந்தான். எஸ்றா வாசலில் விசாரித்துவிட்டு வந்து காரின் கதவைத் திறந்தார். ஜெபக்கனி தனியாக உள்ளே போனாள்.

தேவஇரக்கம் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு, கொக்கியால் ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கொக்கியை விட்டுவிட்டான், கட்டி தானாகச் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. அவன் ஓடப் பார்த்தான், ஓட அந்த இடத்தில் ஒரு வாசல்தான், அதில் அவள் நின்றாள்.

பிறகு அவன் சொன்னான், யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்து. மும்பையில் மூன்று வாரம் ஒரு அறையில் போட்டு வைத்திருந்த ஏஜென்ட் ஒருநாள் வரவில்லை, விசா என்று கொடுத்த தாள் வெறும் தாள். ரயிலேறி வந்து, நடுத்தேரி வழியாகப் போகிற கடைசிப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். ஊருக்குள் பஸ் திரும்பும் முக்கில், வெளிநாடு போகிற ஒவ்வொருவனுக்கும் ஊர் வைக்கிற ஃப்ளெக்ஸ் போர்டு அவனுக்கும் வைத்திருந்தார்கள், கோட்டு சூட்டோடு, பின்னால் விமானம் பறக்க, அவனே சிரித்துக்கொண்டிருந்தான், கீழே வாழ்த்தியவர்கள் நாற்பத்திரண்டு பேரின் பெயர்.

“அதைப் பாத்துட்டு எப்படிட்டி எறங்க? கண்டக்டர் விசில் அடிச்சான், நான் எந்திரிக்கல. பஸ்ஸு கடைசியா நின்ன எடம் இது.”

“வாங்க, போவோம்,” என்றாள்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? நீ போ. நான் உள்ளபடிக்கே மஸ்கட்டுக்கு ஒரு வழி பண்ணிட்டு…”

ஜெபக்கனி சுவரில் முட்டி நின்ற ஐஸ் கட்டியின் மேல் போய் உட்கார்ந்தாள், பருத்திச் சேலையோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. அவன் எழுந்திரு என்றான். அவள் எழவில்லை. அவன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போட்டான், அவள் அதை எடுத்து மடித்து அவனிடமே கொடுத்தாள். அம்மோனியா வாடையில் கம்ப்ரசர் திமுதிமுவென்று ஓடியது, மற்ற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எட்ட நின்று பார்த்தார்கள், அவளுடைய உதடு முதலில் வெளுத்தது, பிறகு நீலம் பாரித்தது, தாடை ஆடத் தொடங்கியது, அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாதக்கணக்கில் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் போய் இப்படி நடுங்கிப் பழகியிருந்ததால் அவள் நடுக்கத்தில் அவசரம் இல்லை, இன்னும் வெகுநேரம் அவளால் இருக்க முடியும் என்பது அவனுக்கும் தெரிந்தது, முடியாத நேரம் ஒன்று வரும் என்பதும் தெரிந்தது.

கால் மணி நேரம் அவன் தாங்கினான். பிறகு சாக்கைத் தலையிலிருந்து எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துத் தூக்கினான், பிடித்த கையை விடாமலே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். ஆனி மாத உச்சி வெயில், மணல் கொதித்தது, வாசலில் நின்றிருந்த லிங்கத்துரையும் எஸ்றாவும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். வெயிலில் நாலு அடி வைத்ததும் தேவஇரக்கத்தின் உடம்பு கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது, நாலு வருஷமாக ஆடாமல் நிறுத்தி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து ஆடியது, அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“குளுருதுட்டி,” என்றான். “ரொம்பக் குளுருது.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் ஜெபக்கனி.